டயர் கோணலாகத் தேய்கிறதா, காருக்குள் இரைச்சலா? சேலம் – ஏற்காடு ஓட்டத்துக்கு ஒரு வழிகாட்டி

புதிதாகக் கார் ஓட்டத் தொடங்கியவர்கள் பலர் இந்த விஷயத்தில் ஒரே மாதிரிதான் பணத்தை இழக்கிறார்கள். வேகம் 60 கி.மீ. தாண்டியதும் காருக்குள் 'ஊ...ங்' என்று ஒரு இரைச்சல். யாரோ சொல்ல, சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் அலைன்மென்ட் கடைக்குப் போகிறார்கள். வேலை முடிந்து வெளியே வந்தால் அதே இரைச்சல். அடுத்த கடையில் பேலன்சிங், அதாவது சக்கரத்தைச் சுற்றி எடையைச் சமன்செய்வது. அதற்கும் அடங்கவில்லை என்றால் நான்கு டயரையும் மாற்றிவிடுகிறார்கள். புது டயரில் கார் அமைதியாக ஓடும். பத்தாயிரம் கிலோமீட்டர் போனதும் இரைச்சல் திரும்ப வந்துவிடும்.

இதில் இரண்டு கோளாறுகள் சேர்ந்திருக்கின்றன என்பதைப் பிடித்துக்கொண்டால் பாதிச் செலவு மிச்சம். முதலாவது, டயரைக் கோணலாகத் தேய்க்கிற காரணம். காற்றுக் குறைவு, டோ விலகல் (மேலிருந்து பார்த்தால் சக்கரம் அளவுக்கு மீறி உள்ளோ வெளியோ திரும்பியிருப்பது), செத்துப்போன ஷாக் அப்சார்பர், தளர்ந்த புஷ் (பாகங்கள் சேரும் இடத்து ரப்பர்) எதுவாகவும் இருக்கலாம். இரண்டாவது, அந்தக் காரணம் ரப்பரில் ஏற்கெனவே செதுக்கிவிட்டுப் போன மேடு பள்ளம். இரைச்சல் வருவது அந்த மேடு பள்ளத்திலிருந்து. அலைன்மென்ட் சரிசெய்வது காரணத்தை மட்டும். அதனால் அலைன்மென்ட் முடித்த அன்றைக்கே சத்தம் நின்றுவிடாது. நிற்கவில்லை என்பதற்காக வேலை சரியில்லை என்று முடிவுகட்டவும் கூடாது.

முதலில், சத்தம் டயருடையதுதானா?

இதைத் தெரிந்துகொள்ள மலைப்பாதை உதவாது. சமதளமான, நேரான சாலை வேண்டும். சீலநாயக்கன்பட்டி, கொண்டலாம்பட்டி பைபாஸ் பக்கம் விடியற்காலையில் வண்டி நடமாட்டம் குறைவாக இருக்கும்போது போங்கள். கண்ணாடிகளை ஏற்றி, ஏசி ஃபேனையும் பாட்டையும் நிறுத்திவிடுங்கள்.

60 கி.மீ. வேகத்தில் நான்காவது கியரில் சிறிது தூரம், அதே 60-ல் ஐந்தாவது கியரில் சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். எஞ்சின் சுற்று குறைந்தும் சத்தம் மாறவில்லை என்றால் அது சக்கரத்திலிருந்து வருகிறது. சிலர் நியூட்ரலில் உருட்டிப் பார்க்கச் சொல்வார்கள். அது வேண்டாம். மலை இறக்கத்தில் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள்.

அடுத்து, சாலையின் மேற்பரப்பு மாறும் இடத்தைக் கவனியுங்கள். புதிதாகப் போட்ட தாரிலிருந்து ஜல்லி தெரியும் பழைய தாருக்கோ, மேம்பாலத்துக் கான்கிரீட்டுக்கோ மாறும் அந்த நொடியில் டயர் சத்தத்தின் சுருதி மாறும். வீல் பேரிங் சத்தம் எந்தச் சாலையிலும் ஒரே மாதிரி ரீங்காரமிடும், வேகத்துக்கு மட்டும் ஏறி இறங்கும்.

பேரிங்கில் சந்தேகம் இருந்தால் இன்னொரு சோதனை உண்டு. முன்னும் பின்னும் வண்டி இல்லாதபோது உங்கள் தடத்துக்குள்ளேயே ஸ்டீயரிங்கை மெதுவாக இடமும் வலமும் அசையுங்கள். இடப்பக்கம் திரும்பும்போது காரின் எடை வலப்பக்கச் சக்கரங்கள் மீது சாயும். அப்போது சத்தம் கூடினால் வலப்பக்கப் பேரிங், வலப்பக்கம் திரும்பும்போது கூடினால் இடப்பக்கப் பேரிங் என்று தேடத் தொடங்கலாம்.

கொண்டை ஊசி வளைவில் ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்து ஏறும்போது 'டக் டக் டக்' என்று கேட்டால், அது டயருமில்லை பேரிங்குமில்லை. ஆக்சிலின் வெளி ஜாயிண்ட். அந்த ஜாயிண்டை மூடியிருக்கும் ரப்பர் பூட் கிழிந்து, ரிம்மின் உட்புறம் கிரீஸ் தெறித்திருக்கும். பூட் மட்டும் கிழிந்த நிலையில் பார்த்துவிட்டால் சிறிய செலவோடு போகும். மண் உள்ளே போன பிறகு ஜாயிண்டையே மாற்ற வேண்டியதுதான்.

டயரைப் படிப்பது

டயரின் மேற்பரப்பில் பள்ளங்களுக்கு நடுவே மேடாக நிற்கும் ரப்பர் கட்டிகளைத்தான் பட்டன் என்கிறோம். இதற்குத் தேவை ஒரு பட்டன் ஆழமானி, ஒரு காற்றுமானி, சாக்பீஸ், டார்ச், ஒரு நோட்டு. ஆழமானி விலை அதிகமில்லை, கட்டாயம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கண்ணால் பார்த்து 'பட்டன் இருக்கிறதே' என்று சொல்வதில்தான் எல்லாத் தவறும் ஆரம்பிக்கிறது.

ஒவ்வொரு டயரிலும் உள்தோள் (காரின் உட்பக்கம் இருக்கும் விளிம்பு), நடு, வெளித்தோள் (வெளிப்பக்க விளிம்பு) என மூன்று புள்ளிகளில் ஆழம் அளந்து எழுதுங்கள். டயரைச் சுற்றி இப்படி மூன்று இடங்களில் எடுக்க வேண்டும். புது கார் டயரில் சுமார் 7 முதல் 8 மி.மீ. ஆழம் இருக்கும். சட்டப்படி குறைந்தபட்சம் 1.6 மி.மீ. பள்ளத்துக்குள் குறுக்கே இருக்கும் சிறிய ரப்பர் மேடு அந்த அளவைத்தான் காட்டுகிறது. மழைக்காலத்தில் ஏற்காடு ஏறி இறங்குபவர்கள் 3 மி.மீ.க்கு வரும்போதே மாற்றுவது நல்லது. ஈரத்தில் நிற்கும் திறன் 1.6 வரை காத்திருப்பதில்லை.

வெளித்தோள் நின்றபடியே கண்ணுக்குத் தெரியும். உள்தோள் தெரியாது. வெளியே நல்ல பட்டனோடு இருக்கும் டயர் உள்ளே கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்திருக்கும், மலை இறக்கத்தில் வெடிக்கும்போதுதான் தெரியவரும். முன் டயருக்கு ஸ்டீயரிங்கை முழுதாக ஒடித்துவிட்டுப் பாருங்கள். பின் டயருக்குக் கைபேசியை உள்ளே நீட்டிப் படம் எடுங்கள்.

பார்த்ததை இப்படிப் பொருள்கொள்ளலாம். இரண்டு தோளும் தேய்ந்து நடு மேடாக இருந்தால் நெடுநாளாகக் காற்றுக் குறைவாக ஓடியிருக்கிறது. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். உள்தோள் மட்டும் என்றால் சக்கரத்தின் முன்பகுதி வெளிநோக்கித் திரும்பியிருக்கும் டோ அவுட், அல்லது சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்ந்திருக்கும் கேம்பர், பல சமயம் இரண்டும். ஒரே இடத்தில் தட்டையாகத் தேய்ந்திருந்தால் சக்கரம் பூட்டி இழுபடும் அளவுக்கு எப்போதோ பிரேக் அழுத்தியிருக்கிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாததைக் கை சொல்லும். கண்ணாடித் துண்டோ கம்பியோ குத்தியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உள்ளங்கையை டயரின் குறுக்கே தடவுங்கள். வெளியிலிருந்து உள்நோக்கித் தடவும்போது வழவழப்பாகவும், உள்ளிருந்து வெளியே இழுக்கும்போது ஒவ்வொரு பட்டனின் விளிம்பும் கையைக் கீறுவது போலவும் இருந்தால் டோ இன் (சக்கரத்தின் முன்பகுதி உள்நோக்கித் திரும்பியிருப்பது) அதிகம். தலைகீழாக இருந்தால் டோ அவுட். ஆழம் அளந்து கண்டுபிடிக்க முடியாத ஆரம்பக் கட்டத்திலேயே கை இதைப் பிடித்துவிடும்.

இனி டயரின் சுற்றுப் போக்கில் தடவுங்கள். ஒவ்வொரு பட்டனும் ஒரு முனை உயர்ந்தும் மறுமுனை தாழ்ந்தும் ரம்பப்பல் போல இருந்தால், நீங்கள் கேட்கும் இரைச்சல் பெரும்பாலும் அதுதான். முன்சக்கர இழுவைக் கார்களில் பின் டயர்களில் இது அதிகம். டயர்களை இடம் மாற்றாமலே ஓட்டியதால் வருவது. வழக்கமான 14, 15 அங்குலச் சிறிய கார் டயர் ஒரு கிலோமீட்டருக்கு 500 சுற்றுக்கு மேல் சுற்றுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அத்தனை பல்லும் சாலையில் அறைந்தால் ஊங்காமல் என்ன செய்யும்.

ரம்பப்பல்லை விட மோசமானது குழித்தேய்மானம். சுற்றிலும் ஆங்காங்கே கிண்ணம் போலப் பள்ளம் விழுந்திருக்கும். சக்கரம் சாலையை விட்டுத் துள்ளித் துள்ளி இறங்குகிறது என்று அர்த்தம். செத்த ஷாக், ஆட்டம் கண்ட பேரிங், நெடுநாள் பேலன்ஸ் இல்லாத ஓட்டம், இந்த வரிசையில் தேடுங்கள். ஷாக்கின் உடலில் எண்ணெய் கசிந்து தூசி அப்பியிருந்தால் அது முடிந்துவிட்டது. ஒரு பக்கம் போனாலும் இரண்டு பக்கமும் சேர்த்து மாற்ற வேண்டும்.

மலை ஓட்டம் தேய்ப்பதும், அலைன்மென்ட் தேய்ப்பதும்

சேலத்திலிருந்து அடிவாரம் வழியாக ஏறும் ஏற்காடு பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். வாரம் இரண்டு மூன்று முறை போய்வருபவரின் முன் டயர்களில் வெளித்தோள் முன்கூட்டியே தேய்வது இயல்பு. ஸ்டீயரிங் முழுதாக ஒடிந்த நிலையில் காரின் எடை வெளிப்பக்க முன் டயரின் தோள் மீது சாய்கிறது. இறக்கத்தில் எடை முன்னால் குவிவதால் இன்னும் கூடுகிறது. இந்தத் தேய்மானத்தை அலைன்மென்ட் கடை தீர்க்க முடியாது. இரண்டு முன் டயரும் கிட்டத்தட்ட ஒரே அளவில் வெளித்தோளில் தேய்ந்து, கை தடவினால் விளிம்பு கீறாமல் உருண்டையாக இருந்தால் அது மலையின் வேலை. 5,000 கி.மீ.க்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றிக்கொண்டே வந்தால் போதும். வளைவுக்குள் நுழையும் முன்பே வேகத்தைக் குறைத்து, ஏறும்போது எந்த கியரோ இறங்கும்போதும் அதே கியரில் வந்தால் டயரும் பிழைக்கும், பிரேக்கும் பிழைக்கும்.

ஒரு டயர் மட்டும் தேய்ந்தாலோ, விளிம்பு கீறினாலோ, உள்தோள் போயிருந்தாலோ பழியை மலை மீது போடாதீர்கள். அது பெரும்பாலும் டோ. அதன் வலிமையை ஒரு கணக்கு காட்டும். ஒரு சக்கரத்தின் டோ 0.2 டிகிரி விலகியிருந்தால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் சுமார் மூன்றரை மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 5,000 கி.மீ. ஓடினால் 17 கி.மீ.க்கு மேல் சாலையில் உரசிக்கொண்டே போயிருக்கிறது. வேகத்தடையிலோ குழியிலோ ஒருமுறை பலமாக இடித்தாலே இவ்வளவு விலகல் வரலாம்.

காற்று

ஓட்டுநர் கதவைத் திறந்தால் பக்கத் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் உள்ள அளவுதான் உங்கள் காருக்கு உரியது. டயரின் பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச அளவு, அதைப் பார்த்து நிரப்பக்கூடாது. முன்னும் பின்னும் வேறுபடலாம், முழுச் சுமைக்கு வேறு அளவும் இருக்கும். வண்டி மூன்று மணி நேரமாவது நின்ற பிறகு, டயர் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டும். ஓடிச் சூடான டயரில் 4, 5 பிஎஸ்ஐ கூடுதலாகக் காட்டுவது இயல்பு. அதைப் பார்த்துக் காற்றை இறக்கிவிட்டால் மறுநாள் காலை குறைவாக நிற்கும்.

மலை ஏறும் முன் காற்றைக் குறைக்க வேண்டுமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம். சேலம் நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 280 மீட்டர், ஏற்காடு சுமார் 1,500 மீட்டர். மேலே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் காற்றுமானி சுமார் 2 பிஎஸ்ஐ அதிகமாகக் காட்டப் பார்க்கும். ஆனால் மேலே குளிர் பத்துப் பதினொரு டிகிரி அதிகம், ஆகவே டயருக்குள் இருக்கும் காற்று சுருங்கி கிட்டத்தட்ட அதே 2 பிஎஸ்ஐயைக் குறைத்துவிடும். இரண்டும் ஒன்றையொன்று கழித்துவிடுகின்றன. கீழே, காலையில், சரியான அளவு வைத்துவிட்டுக் கிளம்பினால் போதும். மேலே ஒரு வாரம் தங்கினால் அங்கே குளிர்ந்த டயரில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

நைட்ரஜன் நிரப்பினால் கோணல் தேய்மானம் வராது என்பதை நம்ப வேண்டியதில்லை. அளவு சரியாக இருந்தால் சாதாரணக் காற்றே போதும்.

ஜாக்கி போட்டு ஆட்டம் பார்ப்பது

அலைன்மென்ட்டுக்கு முன் இதைச் செய்தே ஆகவேண்டும். ஆட்டம் இருக்கிற வண்டிக்குச் செய்த அலைன்மென்ட் அடுத்த குழி வரைக்கும்கூட நிற்காது.

சமதரையில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, முதல் கியரில் வைத்து, எதிர்ப்பக்கப் பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் வையுங்கள். ஜாக்கியை அதற்கென்று உள்ள இடத்தில் மட்டும் கொடுத்து, சக்கரம் தரையிலிருந்து சற்று எழும்பினால் போதும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் தலையை விடாதீர்கள்.

சக்கரத்தைக் கடிகாரம் என்று வைத்துக்கொண்டு 12, 6 மணி இடங்களில் பிடித்து உள்ளும் வெளியும் அசையுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரைப் பிரேக்கை அழுத்திப் பிடிக்கச் சொல்லி மறுபடி அசையுங்கள். ஆட்டம் மறைந்தால் பேரிங். மறையவில்லை என்றால் சக்கரத்தைக் கீழிருந்து பிடித்திருக்கும் லோயர் ஆர்ம், அதன் முனையில் உள்ள பால் ஜாயிண்ட் பக்கம். பிறகு 9, 3 மணி இடங்களில் பிடித்து அசையுங்கள். அங்கே மட்டும் 'டொக்' என்று ஆட்டம் தெரிந்தால் டை ராட் எண்ட், அதாவது ஸ்டீயரிங்கின் அசைவைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் டை ராடின் முனை.

கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, தூக்கியிருக்கும் சக்கரத்தைக் கையால் வேகமாகச் சுற்றிவிட்டு, மறுகையால் அந்தப் பக்கத்து காயில் ஸ்பிரிங்கைத் தொட்டுக்கொள்ளுங்கள். போன பேரிங் என்றால் ஸ்பிரிங் வழியாக நறநறப்பு விரலுக்கு வரும். ஸ்பிரிங்கில் விரல் மாட்டாமல் மேலாகத் தொட்டாலே போதும்.

ரிம்மின் உட்புறத்தையும் அப்போதே பாருங்கள். மழையில் காபித் தோட்டத்து மண்பாதையில் போய்வந்த வண்டியில் செம்மண் ரிம்முக்குள் அப்பிக் காய்ந்திருக்கும். மறுநாள் பைபாஸில் 80 தொட்டதும் ஸ்டீயரிங் நடுங்கும். தண்ணீர் அடித்துக் கழுவினாலே சரியாகிவிடும், பேலன்சிங் செலவே தேவையில்லை. கழுவியும் நடுக்கம் இருந்தால் பேலன்சிங் செய்யுங்கள். நடுக்கம் ஸ்டீயரிங்கில் என்றால் பெரும்பாலும் முன்சக்கரம், இருக்கையில் என்றால் பின்சக்கரம்.

அலைன்மென்ட் கடையில் கேட்க வேண்டியவை

காற்றைச் சரிபார்த்த பிறகே வேலையைத் தொடங்க வேண்டும். டிக்கியில் இருக்கும் மூட்டைகளை இறக்கிவிடுங்கள். ஸ்டீயரிங்கை நேராக வைத்துப் பூட்டிய பிறகுதான் டை ராடைத் திருக வேண்டும். இல்லையென்றால் டோ அளவு சரியாக இருந்தும் நேரான சாலையில் ஸ்டீயரிங் கோணலாக நிற்கும். வேலைக்கு முன் எடுத்த அளவு, பின் எடுத்த அளவு இரண்டும் உள்ள அச்சுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். தராத கடையில் செய்யாதீர்கள்.

'கேம்பர் அவுட், சரிசெய்ய வேண்டும்' என்று சொன்னால் நிதானியுங்கள். நம் ஊரில் ஓடும் பெரும்பாலான சிறிய கார்களில் முன்சக்கரக் கேம்பரைத் திருகிச் சரிசெய்ய ஏற்பாடு கிடையாது. ஸ்ட்ரட்டும் (ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேர்ந்த தூண்) நக்கிளும் (சக்கரத்தைத் தாங்கும் பாகம்) சேரும் போல்ட்டில் இருக்கும் சிறிய இடைவெளியில் கொஞ்சம் நகர்த்தலாம், அவ்வளவே. ஹைட்ராலிக் கருவியை வைத்து வளைத்து அளவுக்குக் கொண்டுவருவது மருத்துவம் ஆகாது. எந்தப் பாகம் வளைந்திருக்கிறது, ஸ்ட்ரட்டா, லோயர் ஆர்மா, நக்கிளா என்று கேளுங்கள். வளைந்ததை மாற்றினால் கேம்பர் தானாக அளவுக்கு வரும். பின் ஆக்சிலுக்கும் இதே கதைதான். அங்கே அளவு விலகியிருந்தால் இடிபட்டு எதுவோ வளைந்திருக்கிறது.

நம் சாலைகள் நடு உயர்ந்து இடப்பக்கம் சரிந்திருப்பதால் கையை எடுத்தால் கார் மெதுவாக இடப்பக்கம் நகர்வது கோளாறு இல்லை. பலமாக இழுத்தால், முன் டயர்கள் இரண்டையும் இடம் வலம் மாற்றிப் பாருங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குறை டயரில் இருக்கிறது, அலைன்மென்ட்டில் இல்லை. சுழலும் திசைக்கு அம்புக்குறி போட்ட டயர்களில் மட்டும் இந்தச் சோதனை செய்ய முடியாது.

காரணம் தீர்ந்தும் சத்தம் இருந்தால்

பட்டன் ஆழம் 4 மி.மீ.க்கு மேல் இருந்து, ரம்பப்பல் லேசாக இருந்தால் டயரைத் தூக்கிப்போட வேண்டாம். இடம் மாற்றுங்கள். முன்சக்கர இழுவைக் காரில் முன் டயர்கள் அதே பக்கத்தில் நேராகப் பின்னால் போகும், பின் டயர்கள் குறுக்காக முன்னால் வரும். குறுக்கே மாற்றும்போது டயர் சுழலும் திசை எதிராகிறது, உயர்ந்திருந்த முனை இப்போது தேயத் தொடங்கும். அம்புக்குறி உள்ள டயர்களை அதே பக்கத்தில் முன்பின்னாக மட்டுமே மாற்றலாம். ஸ்டெப்னி அளவில் சிறியதாக இருந்தால் அதை இந்தச் சுற்றில் சேர்க்கக்கூடாது.

மாற்றிய முதல் சில நூறு கிலோமீட்டரில் சத்தம் முன்பைவிடக் கூடலாம். ரம்பப்பல் டயர் இப்போது உங்கள் காலுக்குப் பக்கத்தில் வந்திருக்கிறது, எதிர்த் திசையிலும் சுற்றுகிறது. பயந்துபோய்த் திரும்ப மாற்றிவிடாதீர்கள். லேசான ரம்பப்பல் 2,000, 3,000 கி.மீ. ஓட்டத்தில் பெரும்பாலும் சமனாகிவிடும். ஆழமான குழித்தேய்மானம் ஆகாது. ஒருமுறை குழி விழுந்த டயர் அந்தக் குழியிலேயே மேலும் மேலும் குதிக்கும், மாற்றுவதே வழி.

நட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது கையால் திருகி, தரையில் இறக்கிய பிறகு எதிரெதிராக மாறி மாறி முடுக்குங்கள். முடுக்கும் அளவு காருக்குக் கார் மாறும், கையேட்டில் இருக்கும். பல சிறிய கார்களுக்கு 100 நியூட்டன் மீட்டர் அருகே. ஸ்பேனர் மேல் ஏறி நின்று முடுக்கினால் போல்ட் இழுபடும். 50 கி.மீ. ஓடியதும் மறுபடி ஒருமுறை பாருங்கள், முக்கியமாக அலாய் ரிம்மில்.

புது டயர் வாங்க நேர்ந்தால் ஒரே ஆக்சிலுக்கு இரண்டாக, ஒரே வகையில் வாங்குங்கள். பக்கச்சுவரில் நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும்: 3524 என்றால் 2024-ஆம் ஆண்டின் 35-வது வாரம். அகலமான டயருக்குத் தாவாதீர்கள், இரைச்சல் கூடும். பெரிய பெரிய பட்டன் வைத்த டயர் தோட்டத்துப் பாதைக்கு நல்லது, தார்ச்சாலையில் புதிதாக இருக்கும்போதே சத்தம் போடும். இரண்டு டயர் மட்டும் வாங்கினால் புதியதைப் பின்னால் போடச் சொல்லுங்கள். கடையில் பலர் இழுவை முன்னால்தானே என்று முன்னால் போடப் பார்ப்பார்கள். மழையில் நனைந்த வளைவில் முன்சக்கரம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம், பின்சக்கரம் வழுக்கினால் கார் சுற்றிவிடும். முதல் 200, 300 கி.மீ. நிதானமாக ஓட்டுங்கள். மேற்பூச்சு போய்ப் பிடிப்பு வரும்வரை மழையில் மலை ஏற வேண்டாம்.

எல்லாம் முடிந்த நாளில் கிலோமீட்டர் கணக்கையும், நான்கு டயரின் உள்தோள், நடு, வெளித்தோள் ஆழங்களையும் நோட்டில் எழுதி வையுங்கள். 2,000 கி.மீ. கழித்துத் திரும்ப அளக்கும்போது உள்ளுக்கும் வெளிக்கும் உள்ள வித்தியாசம் அப்படியே நின்றிருந்தால் காரணம் தீர்ந்துவிட்டது. வித்தியாசம் வளர்ந்திருந்தால் அந்த அச்சுத்தாளையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போய், முதலில் ஆட்டம் பார்க்கச் சொல்லுங்கள்.